‘தன் நாடு’ எது? ஜப்பானின் மூடிய எல்லையும் மறுநுழைவு அனுமதியின் வரலாறும்

2020 ஏப்ரல் 3 அன்று ஜப்பான் அரசு 73 நாடுகளிலிருந்தும் நிலப்பகுதிகளிலிருந்தும் வரும் அயல்நாட்டவர்க்குத் தன் எல்லையை மூடியது. பெருந்தொற்றின் முதல் மாதங்களில் உலகின் பெரும்பாலான அரசுகள் செய்ததுதான் இது. ஜப்பானின் ஆணையில் தனித்து நோக்கத்தக்கது ‘அயல்நாட்டவர்’ என்ற சொல்லின் பரப்பு. ஒரு வாரச் சுற்றுலாவுக்கு வருபவரும், இருபது ஆண்டுகளாக ஒசாகாவில் வரி செலுத்தி, வீட்டுக்கடன் அடைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி வாழ்பவரும் அச்சொல்லுக்குள் ஒன்றாயினர். தொற்று மிகுந்த ஒரு நகரிலிருந்து திரும்பும் ஜப்பானியக் குடிமகனுக்குப் பரிசோதனையும் பதினான்கு நாள் தனித்திருத்தலும் விதிக்கப்பட்டன; பின் அவர் வீடு சேர்ந்தார். அதே நகரிலிருந்து அதே விமானத்தில் வர விரும்பிய, நிரந்தர வசிப்புரிமை பெற்ற அயல்நாட்டவருக்கு, அவர் ஏப்ரல் 3-க்குப் பின் ஜப்பானை விட்டுச் சென்றவராயின், கொள்கையளவில் விமானம் ஏறவே வழியில்லை.

இந்நிகழ்வைப் பெருந்தொற்றுக் காலப் பதற்றத்தின் விளைவு என்று கூறிக் கடந்துவிடுவது எளிது. அக்கூற்று போதுமானதன்று என்பதே இக்கட்டுரையின் வாதம். 2020-இல் ஜப்பான் புதிய சட்டம் எதையும் இயற்றவில்லை. ஏறத்தாழ எழுபது ஆண்டுகளாக இருந்துவந்த ஒரு சட்ட நிலைப்பாட்டை முழு அளவில் பயன்படுத்தியது. அந்நிலைப்பாட்டின்படி, ஒரு நாட்டில் வசிக்கும் அயல்நாட்டவர் வெளியே சென்று திரும்புவது உரிமை அன்று. அமைச்சர் விரும்பினால் வழங்கும் சலுகை.

முதலில் 2020-இன் நிகழ்வு வரிசையைச் சுருக்கமாகக் காண்போம். 2019-ஆம் ஆண்டின் இறுதியில் ஜப்பானில் 29 இலட்சத்துக்கும் மேற்பட்ட அயல்நாட்டவர் வசித்தனர். அவர்களுள் ஏறக்குறைய 7.9 இலட்சம் பேர் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்கள். தடை அறிவிக்கப்படும் முன்பே வெளியே சென்றிருந்த நிரந்தரவாசிகளும், ஜப்பானியரின் வாழ்க்கைத் துணைவரும், நீண்டகால வசிப்புத் தகுதியுடையோரும் திரும்பி வர அனுமதிக்கப்பட்டனர். பணி, கல்வி முதலிய தகுதிகளில் வசித்தோர்க்கு அச்சலுகையும் இல்லை. மே 27 அன்று இந்தியா, பாகிஸ்தான், வங்காளதேசம் உள்ளிட்ட 11 நாடுகள் சேர்க்கப்பட்டுப் பட்டியல் 111 ஆனது. ஆகஸ்ட் இறுதியில் அது 159-ஐ எட்டியது. ஜப்பானில் அப்போது ஏறக்குறைய 40,000 இந்தியர் வசித்தனர். விடுப்பில் ஊர் வந்திருந்தவர்கள் வாடகை வீடும் வேலையும் அங்கே, தாம் இங்கே என்ற நிலையில் மாதக்கணக்கில் காத்திருந்தனர். நெருங்கிய உறவினரின் இறுதிச் சடங்கு, அறுவை சிகிச்சை, மகப்பேறு போன்ற மனிதாபிமானக் காரணங்கள் உண்டென்றால் தனித்தனியே பரிசீலிக்கப்படும் என்றது அரசு. அதாவது, இறக்கும் நிலையிலுள்ள தாயைப் பார்க்கச் செல்லும் ஒருவர், அத்துயரை ஆவணமாக்கி ஓர் அதிகாரியின் முன் வைத்த பிறகே தம் வீட்டுக்குத் திரும்புவோம் என்று எதிர்பார்க்க முடிந்தது. ஆகஸ்ட் 5-இல் சிறு தளர்வு. செப்டம்பர் 1 முதல், பயணத்துக்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் எடுத்த பரிசோதனைச் சான்றும் குடிவரவுத் துறையின் அல்லது தூதரகத்தின் உறுதிக் கடிதமும் இருந்தால் வசிப்புத் தகுதியுள்ள அனைவரும் திரும்பலாம் என்ற நிலை வந்தது. ஜி-7 நாடுகளுள் தன் நிரந்தரவாசிகளையே இவ்வாறு வெளியே நிறுத்தியது ஜப்பான் மட்டுமே.

இவ்வரிசையில் ஒரு விதிவிலக்கு இருந்தது. வரலாற்று மாணவர்க்கு அதுவே திறவுகோல். ‘சிறப்பு நிரந்தரவாசிகள்’ எனப்படும் 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர்மீது இத்தடை பாயவில்லை. இவர்களும் சட்டத்தின் பார்வையில் அயல்நாட்டவரே. பெரும்பாலோர் கொரிய வம்சாவளியினர், சிலர் தைவானியர். இவர்களுக்கு மட்டும் கதவு திறந்திருந்தது ஏன்?

விடை 1947-இல் தொடங்குகிறது. பேரரசுக் காலத்தில் கொரியரும் தைவானியரும் ஜப்பானியப் பேரரசின் குடிகளாகக் கருதப்பட்டனர். உழைப்புக்காக வந்தோரும் கொண்டுவரப்பட்டோருமாகப் பல இலட்சம் பேர் ஜப்பானிய நகரங்களில் குடியேறியிருந்தனர். புதிய அரசமைப்பு நடைமுறைக்கு வருவதற்கு ஒருநாள் முன்பு, 1947 மே 2 அன்று, பேரரசரின் பெயரால் அயல்நாட்டவர் பதிவு ஆணை வெளியிடப்பட்டது. அவ்வாணையின் நோக்கத்துக்காக மட்டும் இம்மக்கள் ‘தற்போதைக்கு அயல்நாட்டவராகக் கொள்ளப்படுவர்’ என்றது அது. 1952 ஏப்ரல் 28-இல் சான் பிரான்சிஸ்கோ அமைதி உடன்படிக்கை நடைமுறைக்கு வந்த அன்று அவர்கள் ஜப்பானியக் குடியுரிமையை முற்றாக இழந்தனர். இதற்கென நாடாளுமன்றம் சட்டம் இயற்றவில்லை. அரசின் ஒரு சுற்றறிக்கையே போதுமானதாயிற்று. எவர் ஜப்பானியர், எவர் அல்லர் என்பதை முடிவு செய்த அளவுகோல் ‘கொசெகி’ எனப்படும் குடும்பப் பதிவேடு. பதிவேடு கொரியாவில் இருந்தால் அவர் கொரியர். கொரியரை மணந்து கணவரின் பதிவேட்டுக்கு மாறிய ஜப்பானியப் பெண்களும் இதனால் குடியுரிமையை இழந்தனர்.

ஜப்பானிய மொழியில் குடியுரிமையைக் குறிக்கும் சொல் ‘கொகுசெகி’. ‘கொகு’ என்பது நாடு; ‘செகி’ என்பது பதிவேடு. சொல்லின் உறுப்புகளே உரியவர் யார் என்பதைப் பதிவேட்டிடம் கேட்கச் சொல்கின்றன. ‘குடி’யும் ‘உரிமை’யும் சேர்ந்த நம் சொல்லில் பதிவேட்டுக்கு இடமில்லை. சொல்லமைப்பு சட்டத்தை உருவாக்கிற்று என்று கூற வரவில்லை. ஆனால் 1952-இல் நிகழ்ந்ததை விளக்க இதைவிடப் பொருத்தமான சொல் கிடைப்பது அரிது.

குடியுரிமை இழந்தவர்களுக்கு 1951-இன் குடிவரவு ஆணை பொருந்தியது. அதன் 26-ஆவது பிரிவின்படி, அயல்நாட்டவர் ஒருவர் மறுநுழைவு அனுமதி பெறாமல் வெளியேறினால் அவருடைய வசிப்புத் தகுதி அக்கணமே அழியும். அனுமதி தருவதும் மறுப்பதும் நீதி அமைச்சரின் விருப்புரிமை. ஜப்பானில் பிறந்து, ஜப்பானிய மொழியன்றி வேறு மொழி அறியாத ஒருவருக்கும் இதே விதி.

நீதிமன்றங்கள் இதை உறுதிப்படுத்தின. ரொனால்டு மெக்லீன் என்ற அமெரிக்க ஆங்கில ஆசிரியர் வியட்நாம் போர் எதிர்ப்பில் கலந்துகொண்டதால் அவருடைய வசிப்புக்கால நீட்டிப்பு மறுக்கப்பட்டது. 1978 அக்டோபர் 4-இல் உச்ச நீதிமன்றம் அவ்வழக்கில் தீர்ப்பளித்தது. அடிப்படை உரிமைகள் அயல்நாட்டவருக்கும் உண்டு. ஆயினும் அவை வசிப்பு அனுமதி முறைமை என்னும் சட்டகத்துக்கு உட்பட்டே உண்டு என்பது அதன் சாரம். உரிமை அனுமதிக்குள் அடங்கியது.

1980-களில் அயல்நாட்டவர் பதிவுக்கான கட்டாயக் கைரேகைக்கு எதிராகக் கொரியர்கள் தொடங்கிய மறுப்பு இயக்கம் பரவியபோது, அரசு மறுநுழைவு அனுமதியைத் தண்டனைக் கருவியாகக் கையாண்டது. கைரேகை தர மறுத்தவர்க்குத் திரும்பி வரும் அனுமதி இல்லை. பியானோ கலைஞர் சோய் சுன்-ஏ அனுமதியின்றியே 1986-இல் அமெரிக்காவுக்குப் படிக்கச் சென்றார். தாம் வளர்ந்த நாட்டில் அவருக்கிருந்த நிரந்தர வசிப்புரிமை பறிபோனது. அவருடைய வழக்கை 1998-இல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. பின்னர் வந்த சட்டத் திருத்தமே அத்தகுதியை மீட்டுத் தந்தது. ஜப்பானியரை மணந்து அங்கேயே வாழ்ந்த அமெரிக்கரான கேத்லீன் மொரிகாவா, கொரியாவுக்குச் சில நாள் சென்றுவர அனுமதி கேட்டு மறுக்கப்பட்டார். ஜப்பானில் வசிக்கும் அயல்நாட்டவர்க்குத் தற்காலிகமாக வெளிநாடு சென்றுவரும் சுதந்திரத்தை அரசமைப்பு உறுதி செய்யவில்லை என்று 1992 நவம்பர் 16-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 2020-ஐப் புரிந்துகொள்ள ஒரே ஓர் ஆவணத்தைப் படிக்க நேரமுண்டெனில், இத்தீர்ப்பைப் படிக்கலாம்.

அவ்வியக்கம் தோற்றுவிடவில்லை. 1991-இல் இயற்றப்பட்ட தனிச் சட்டம், 1952-இல் குடியுரிமை இழந்தோர்க்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் ‘சிறப்பு நிரந்தர வசிப்புரிமை’ அளித்தது. மறுநுழைவு அனுமதியுடன் திரும்பும் அவர்களிடம் கடவுச்சீட்டு செல்லுமா என்பதை மட்டுமே எல்லையில் சரிபார்க்கலாம். ஏனைய நுழைவுத் தடைக் காரணங்களைக் காட்டித் திருப்பி அனுப்ப இயலாது. 2007 நவம்பரில் விமான நிலையங்களில் அயல்நாட்டவரின் கைரேகையும் நிழற்படமும் எடுக்கும் முறை தொடங்கியபோதும் அவர்கள் விலக்கப்பட்டனர். 2020-இல் அவர்களுக்குக் கதவு திறந்திருந்தமைக்குக் காரணம் இதுவே. போராடிப் பெற்று எழுத்தில் வைத்த பாதுகாப்பு, முப்பது ஆண்டுகளுக்குப் பின் வந்த நெருக்கடியில் வேலை செய்தது.

பின்னர் வந்து குடியேறிய பிரேசிலியர், பிலிப்பைன்சு நாட்டவர், இந்தியர், வியட்நாமியர் ஆகியோர்க்கு அத்தகைய பாதுகாப்பு இல்லை. இல்லை என்பதையே பலர் உணர்ந்திருக்கவில்லை. 2012 ஜூலையில் அறிமுகமான ‘மினாஷி’ மறுநுழைவு முறையே இதற்கு முதன்மைக் காரணம் எனலாம். ‘மினாஷி’ என்றால் ‘அவ்வாறு கொள்ளப்படுவது’. ஓராண்டுக்குள் திரும்பும் எண்ணமுடையவர் விமான நிலையப் படிவத்தில் ஒரு கட்டத்தில் குறியிட்டால், அனுமதி பெற்றதாகக் கொள்ளப்படுவார். அலுவலக வரிசையும் கட்டணமும் நீங்கின. அமைச்சரின் விருப்புரிமை அப்படியே இருந்தது. ஒரு சிறு குறியீட்டுக்குப் பின்னால் மறைந்ததால், சலுகை உரிமையின் தோற்றத்தைப் பெற்றது. எட்டு ஆண்டுகள் கழித்து அத்தோற்றம் கலைந்தது.

2020-இன் தடைக்கு அரசு எடுத்துக்கொண்ட சட்ட அடிப்படை, குடிவரவுச் சட்டத்தின் 5-ஆவது பிரிவிலுள்ள 14-ஆவது உட்கூறு. ஜப்பானின் நலனுக்கோ பொதுப் பாதுகாப்புக்கோ ஊறு செய்யக்கூடும் என்று நீதி அமைச்சர் கருதுவோரைத் தடுக்கும் பொதுவிதி அது. விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பும் ஒரு பொறியாளரும் பேராசிரியரும் அவ்விதியின்கீழ் வந்தனர். விமான நிலையங்களில் பரிசோதனை வசதி குறைவு என்பது அரசின் வாதம். அதில் உண்மை உண்டு. அன்றைய சூழலில் எந்நாட்டிலும் வசதி போதவில்லை. ஆனால் பற்றாக்குறையைப் பங்கிடும் அளவுகோல் தொற்று வாய்ப்பாக இல்லை, வீடு எங்கே என்பதாகவும் இல்லை. கடவுச்சீட்டின் நிறமாக இருந்தது.

இங்கு ஒரு சொல்லைக் கூர்ந்து நோக்க வேண்டும். ஜப்பான் 1979-இல் ஏற்புறுதி செய்த குடிமை மற்றும் அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையின் 12-ஆவது பிரிவு, ‘தன் நாட்டுக்குள்’ நுழையும் உரிமையை எவரிடமிருந்தும் தன்னிச்சையாகப் பறிக்கலாகாது என்கிறது. ‘தான் குடியுரிமை பெற்ற நாடு’ என்று அது சொல்லவில்லை. ஜப்பானிய மொழிபெயர்ப்பிலும் ‘ஜிகொகு’ என்றே உள்ளது: ‘ஜி’ என்பது தன், ‘கொகு’ என்பது நாடு. பதிவேட்டைக் குறிக்கும் ‘செகி’ அங்கே இல்லை. ஆயினும் ஜப்பானிய அரசு அதனைக் குடியுரிமை நாடு என்றே பொருள்கொண்டு வந்துள்ளது. ஐ.நா. மனித உரிமைக் குழு 1998-இல் ஜப்பானின் அறிக்கையை ஆய்ந்தபோது, இரண்டும் ஒருபொருட் சொற்கள் அல்ல என்று கூறி, அங்கேயே பிறந்த கொரியர் போன்ற நிரந்தரவாசிகள் புறப்படும் முன் மறுநுழைவு அனுமதி பெற வேண்டும் என்ற விதியை நீக்குமாறு வலியுறுத்தியது. அடுத்த ஆண்டு தன் 27-ஆவது பொதுக் கருத்துரையில் இப்பொருள்கோளை விரிவாக விளக்கியது. இலக்கணத்தில் ‘தன்’ என்பது உடைமையை மட்டும் காட்டுவதில்லை. ‘தன் ஊர்’, ‘தன் தெரு’ என்னும்போது அது உறவையும் பழக்கத்தையும் காட்டுகிறது. அவ்வுறவை நிறுவச் சான்று எது என்பதில்தான் அரசும் வசிப்பவரும் வேறுபடுகின்றனர்.

இதை ஜப்பானின் தனிக் குறையாக எண்ணி நாம் நிறைவுகொள்ள இயலாது. இந்தியா 2020 மார்ச்சு 13 முதல், பெரும்பாலான விசாக்களோடு, வெளிநாடுவாழ் இந்தியக் குடிமக்கள் அட்டை வைத்திருப்போரின் விசா இல்லாப் பயண வசதியையும் நிறுத்திவைத்தது. அட்டையின் பெயரில் ‘குடிமக்கள்’ என்ற சொல் உண்டு. சட்டத்தில் அவர்கள் அயல்நாட்டவர். மே 22-இல் குடும்ப நெருக்கடி உள்ளோர், இந்தியப் பெற்றோரின் சிறு பிள்ளைகள் முதலிய சில பிரிவினர்க்கு மட்டும் தளர்வு கிடைத்தது. குடியுரிமையும் எப்போதும் காவலாகவில்லை. ஆஸ்திரேலியா 2021 மே மாதத்தின் முற்பாதியில், இந்தியாவிலிருந்து திரும்ப விரும்பிய தன் குடிமக்களையே சிறைத் தண்டனை எச்சரிக்கையுடன் தடுத்தது. அதே மாதம் 14 முதல் ஜப்பானும் இந்தியா, நேபாளம், பாகிஸ்தான் ஆகிய நாடுகளிலிருந்து வரும் தன் வசிப்பாளர்களுக்கு மீண்டும் எல்லையை மூடியது.

குடிபெயர்வு ஆய்வுகளில் நாம் பெரும்பாலும் ‘நுழைவு’ பற்றியே பேசுகிறோம்: யார் வரலாம், எத்தனை பேர் வரலாம், எந்தத் தகுதியில் வரலாம் என்று. வந்து வேரூன்றியவர் சென்று திரும்புவது பற்றிய ஆய்வுகள் ஒப்பீட்டளவில் குறைவு. வசிப்புரிமையின் உண்மையான வலிமை அங்கேதான் சோதிக்கப்படுகிறது. ஜப்பானின் 26-ஆவது பிரிவு இன்றும் அரசின் விருப்புரிமையை அடிப்படையாகக் கொண்டே நிற்கிறது. 1991-இன் பாதுகாப்பு இன்றும் சிறப்பு நிரந்தரவாசிகளோடு நின்றுவிடுகிறது. அடுத்த நெருக்கடியில் யார் வெளியே நிற்பார் என்பதை இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் படித்தே சொல்லிவிடலாம்.

பிற நாடுகளின் மறுநுழைவு விதிகளை ஆராயும் நண்பர்கள், குறிப்பாக வளைகுடா நாடுகள், சிங்கப்பூர், மலேசியா பற்றிப் பணிபுரிவோர், தங்கள் தரவுகளோடு இவ்வாதத்தை ஒப்பிட்டுக் கருத்துரைத்தால் பயனுள்ளதாக இருக்கும்.