மேடையை விட்டு இறங்கியவர்கள்: பீட்டில்ஸ் குழுவும் ஒலிப்பதிவுக் கூடமும், 1957–1967

பீட்டில்ஸ் குழுவின் வரலாற்றை எழுதுவோர் பலரும் 1964 பிப்ரவரி 9ஆம் தேதியை அதன் திருப்புமுனையாகக் கொள்கிறார்கள். அன்றிரவு எட் சல்லிவனின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அவர்கள் பாடியதை அமெரிக்காவில் ஏறத்தாழ 7.3 கோடிப் பேர் பார்த்தார்கள். புகழைக் கணக்கிட அந்த நாள் பொருத்தமானதே. இசை வரலாற்றுக்கு நான் தேர்ந்தெடுப்பது 1966 ஆகஸ்ட் 29. சான்பிரான்சிஸ்கோவின் கேண்டில்ஸ்டிக் பார்க் மைதானத்தில், பல இருக்கைகள் காலியாகக் கிடக்க, அவர்கள் கட்டணம் வாங்கிப் பாடிய கடைசி நிகழ்ச்சி அன்று நடந்தது. புகழின் உச்சியில் இருந்த ஒரு குழு மேடையைத் துறந்து ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் போனது. மேடையில் பாடியதன் நினைவுப்பிரதியாக இருந்த இசைத்தட்டு, அதன்பின் தானே ஒரு படைப்பாயிற்று. இந்த மாற்றம் எவ்வாறு சாத்தியமாயிற்று என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

தொடக்கம் எளியது. 1956இன் தொடக்கத்தில் லானி டொனகன் பாடிய ஓர் அமெரிக்க ரயில் பாட்டு பிரிட்டனில் பெருவெற்றி பெற்றது. ‘ஸ்கிஃபிள்’ எனப்பட்ட அந்த இசைக்கு மலிவான கிட்டார் ஒன்று, துணி துவைக்கும் தகரப்பலகை, தேயிலைப் பெட்டியில் கழியும் கயிறும் பூட்டிய ஒரு பேஸ் இருந்தால் போதும். பள்ளிக்கூடத்துக்கு ஒரு குழு முளைத்தது. லிவர்பூலில் ஜான் லெனன் தன் பள்ளியின் பெயரையொட்டித் தொடங்கிய, பின்னர் பீட்டில்ஸ் ஆன, குவாரிமென் அவற்றில் ஒன்று. 1957 ஜூலை 6 அன்று வூல்ட்டன் புனித பீட்டர் தேவாலயத் தோட்ட விழாவில் 16 வயது லெனனும் 15 வயது பால் மெக்கார்ட்னியும் அறிமுகமானார்கள். மறு ஆண்டு ஜார்ஜ் ஹாரிசன் சேர்ந்தார்.

அரசின் ஒரு முடிவும் இதற்கு உதவியது. கட்டாய இராணுவச் சேவைக்கு ஆள் எடுப்பது 1960இல் நின்றுபோனது. 1940இல் பிறந்த லெனனும், பின்னாளில் இக்குழுவில் சேர்ந்த ரிங்கோ ஸ்டாரும் மயிரிழையில் தப்பியவர்கள். சட்டம் இன்னும் சில ஆண்டுகள் நீடித்திருந்தால், பதினெட்டு இருபது வயதில் இந்தக் குழுக்கள் ஒவ்வொன்றாகக் கலைந்திருக்கும்.

லிவர்பூல் துறைமுக நகரம் என்பதால், நியூயார்க் போய்வந்த கப்பல்காரர்கள் கொண்டுவந்த அரிய இசைத்தட்டுகளே பீட்டில்ஸை உருவாக்கின என்று ஒரு கதை உண்டு. கேட்க அழகான கதை; ஆனால் ஆதாரம் போதாது. அவர்கள் பாடிப் பழகிய சக் பெர்ரி, லிட்டில் ரிச்சர்ட், கார்ல் பெர்கின்ஸ், ஷிரெல்ஸ் பாடல்களில் பெரும்பாலானவை பிரிட்டிஷ் நிறுவனங்களே வெளியிட்டவை. உள்ளூர்க் கடையில் காசு கொடுத்தால் கிடைத்தவை. கறுப்பின அமெரிக்கர்களின் இசைக்கு அவர்கள் பட்ட கடன் பெரியது. அதை அவர்கள் மறைத்ததும் இல்லை. 1964 செப்டம்பரில் புளோரிடாவின் ஜாக்சன்வில்லில், பார்வையாளர்களை நிறவாரியாகப் பிரித்து உட்காரவைத்தால் பாடமாட்டோம் என்று அவர்கள் நின்றதை இந்தக் கடனோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.

1960 ஆகஸ்டில் அவர்கள் ஜெர்மனியின் ஹாம்பர்க் போனார்கள். இந்திரா, கைசர்கெல்லர் என்ற கேளிக்கை விடுதிகளில் வார நாட்களில் நான்கரை மணி நேரம், வாரக் கடைசியில் ஆறு மணி நேரம் வாசிக்க வேண்டும். குடித்துவிட்டு வரும் மாலுமிகளை உட்காரவைக்க வேண்டும். தெரிந்த பாட்டெல்லாம் தீர்ந்தபின் தெரியாததையும் வாசிக்க வேண்டும். வயது பதினெட்டு நிறையாத ஹாரிசனை நவம்பரில் போலீஸ் ஊருக்குத் திருப்பி அனுப்பியது. மேடைப் பயிற்சி என்று பார்த்தால், இதற்குமேல் அவர்கள் கற்க அதிகம் இருக்கவில்லை. லிவர்பூல் மேத்யூ தெருவின் கேவர்ன் நிலவறையில் 1961 நவம்பரில் அவர்களைப் பார்த்த இசைத்தட்டுக் கடைக்காரர் பிரையன் எப்ஸ்டீன் விரைவில் அவர்களுக்கு மேலாளரானார். 1962 ஜனவரி முதல் நாள் டெக்கா நிறுவனம் அவர்களைப் பாடவைத்துக் கேட்டு, வேண்டாம் என்றது.

அவர்களை ஏற்றது இஎம்ஐ இசைத்தட்டு நிறுவனத்தின் பார்லஃபோன் பிரிவு. அதன் தலைவர் ஜார்ஜ் மார்ட்டின், கில்டால் இசைப் பள்ளியில் ஓபோ பயின்றவர். பார்லஃபோன் அந்த நிறுவனத்தின் மாற்றாந்தாய்ப் பிள்ளை. பெரிய பாடகர்கள் அதற்கு வாய்க்கவில்லை. பிழைப்புக்காக மார்ட்டின் பீட்டர் செல்லர்ஸ் போன்ற நகைச்சுவைக் கலைஞர்களின் தட்டுகளைத் தயாரித்தார். நகைச்சுவைத் தட்டில் மேடையே கிடையாது. கதவுச் சத்தம், கூட்டத்தின் சலசலப்பு, வேகம் மாற்றிய குரல் என எல்லாவற்றையும் ஒலிநாடாவில் வெட்டி ஒட்டித்தான் அப்படி ஓர் உலகைக் கட்ட முடியும். 1962இல் ‘ரே கத்தோட்’ என்ற புனைபெயரில், பிபிசியின் ரேடியோஃபோனிக் பட்டறையோடு சேர்ந்து மின்னணு ஒலிகளைக் கொண்ட தட்டு ஒன்றையும் அவர் வெளியிட்டிருந்தார். டெக்கா ஏற்றுக்கொண்டிருந்தால் குழு பிரபலமாகியிருக்கலாம். ஆனால் நாடாவைக் கருவியாகக் கையாளத் தெரிந்த இந்த மனிதர் கிடைத்திருக்கமாட்டார். பீட்டில்ஸ் வரலாற்றின் மிகப் பெரிய நற்பேறு அந்த நிராகரிப்பு என்பேன்.

தொடக்கத்தில் கூடம் மேடையைப் பின்பற்றியது. முதல் ஆல்பத்துக்கான பத்துப் பாடல்களை 1963 பிப்ரவரி 11 அன்று ஒரே நாளில், இரண்டு டிராக் இயந்திரத்தில் பதிந்தார்கள். சளி பிடித்த லெனனின் தொண்டை கடைசிப் பாட்டோடு கிழிந்துபோனது. ஆல்பத்தின் 14 பாடல்களில் ஆறு மற்றவர்களுடையவை. 1964 ஜூலையில் வெளியான மூன்றாவது ஆல்பத்தின் 13 பாடல்களும் லெனன்–மெக்கார்ட்னி எழுதியவை. பாட்டு எழுதுவது ஒருவர், பாடுவது வேறொருவர் என்றிருந்த தொழிலில் இது பெரிய உடைப்பு. பாடகரே ஆக்கியோன் என்றானபின், அவர் கூடத்தில் எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறார் என்று யாரும் கேட்க முடியாமல் போனது. தட்டுக்கு ஒரு பென்னி, அதையும் நால்வரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்ற முதல் ஒப்பந்தத்தோடு ஒப்பிட்டால் அதிகாரம் எந்தப் பக்கம் நகர்ந்தது என்பது புரியும்.

மேடையோ அதே வேகத்தில் சீரழிந்தது. 1965 ஆகஸ்ட் 15 அன்று நியூயார்க்கின் ஷே மைதானத்தில் 55,000க்கு மேற்பட்டோர் கூடினார்கள். நூறு வாட் ஒலிபெருக்கிகளும், பேஸ்பால் அறிவிப்புகளுக்கான மைதான ஸ்பீக்கர்களும் அந்தக் கூச்சலுக்கு எம்மாத்திரம்! வாசிப்பது தங்களுக்கே கேட்காத நிலையில் இசைக்குழு எதைத்தான் வளர்த்துக்கொள்ளும்? அந்த இளம்பெண்களின் அலறலை வெறி என்று பத்திரிகைகள் ஏளனம் செய்தன. அந்தத் தலைமுறைப் பெண்கள் பொதுவெளியில் கூட்டமாகக் குரல் எழுப்பக் கிடைத்த அரிய வாய்ப்பு அது என்பதை ஆய்வாளர்கள் பிற்பாடே கவனித்தார்கள்.

1965 அக்டோபரிலேயே கூடம் தன் வழியைத் தேடத் தொடங்கிவிட்டது. ‘இன் மை லைஃப்’ பாட்டின் இடையிசைக்காக மார்ட்டின் பியானோவைப் பாதி வேகத்தில் பதிந்து, இயல்பான வேகத்தில் ஓடவிட்டார். பியானோ ஹார்ப்சிகார்டு போல ஒலித்தது. 1966 ஏப்ரல் 6 அன்று ‘டுமாரோ நெவர் நோஸ்’ பாட்டைத் தொடங்கியபோது பொறியாளர் ஜெஃப் எமெரிக்குக்கு வயது 20. மெக்கார்ட்னி வீட்டில் செய்த நாடா வளையங்களைக் கட்டடத்தின் பல அறைகளில் இருந்த இயந்திரங்களில் மாட்டி, பென்சில்களில் சுற்றிப் பிடித்து, ஒரே நேரத்தில் ஓடவிட்டார்கள். லெனனின் குரல் ஹம்மண்ட் ஆர்கனின் சுழலும் ஒலிபெருக்கி வழியாக வந்தது. ஒரே பாட்டை இரண்டு முறை பாடிப் பதிவது லெனனுக்குச் சலிப்பு; அதற்காகவே கென் டவுன்செண்ட் தானாக இரட்டிக்கும் முறையைக் கண்டுபிடித்தார். இப்படி உருவான ‘ரிவால்வர்’ ஆல்பத்தின் ஒரு பாட்டைக்கூட அந்த ஆண்டின் சுற்றுப்பயணத்தில் அவர்கள் மேடையில் பாடவில்லை. பிரிவு அப்போதே நடந்துவிட்டது. கேண்டில்ஸ்டிக் பார்க் அதற்கு வைத்த முற்றுப்புள்ளி மட்டுமே.

‘டுமாரோ நெவர் நோஸ்’ பாட்டு பெரும்பாலும் ஒரே சுரத்தின் மீது நிற்கிறது. தம்பூராவின் ஒலியும் அதில் உண்டு. ஆதார சுருதிக்குப் பழகிய நம் காதுக்கு அது புதிதல்ல. மூன்று நிமிடத்தில் பல கார்டுகள் மாறியே தீரவேண்டிய பாப் இசைக்கு அது பெரிய துணிச்சல். ஹாரிசன் 1966இல் ரவிசங்கரைச் சந்தித்து சிதார் கற்கத் தொடங்கினார். லண்டனின் ஏசியன் மியூசிக் சர்க்கிளைச் சேர்ந்த இந்தியக் கலைஞர்கள் அவருடைய பாடல்களில் வாசித்தார்கள். சிதாரை வெறும் வண்ணமாகத் தூவிய குழுக்கள் பல. ஹாரிசனின் ஈடுபாடு குழு கலைந்தபின்னும் நீடித்தது. 1974இல் ரவிசங்கரின் குழுவோடு அவர் வட அமெரிக்காவில் சுற்றியபோது, சென்னைக் கச்சேரி மேடைகள் நன்கறிந்த டி.வி. கோபாலகிருஷ்ணனும் எல். சுப்பிரமணியமும் அக்குழுவில் இருந்தார்கள்.

1966 நவம்பரில் தொடங்கி ஏறத்தாழ ஐந்து மாதம் பதிந்தது ‘சார்ஜென்ட் பெப்பர்’. கருவி அப்போதும் நான்கு டிராக்தான். நான்கும் நிறைந்தால் அவற்றைக் கலந்து இன்னொரு இயந்திரத்துக்கு மாற்றி, மீண்டும் இடம் உண்டாக்கினார்கள். ‘எ டே இன் தி லைஃப்’ பாட்டின் 40 பேர் கொண்ட ஆர்கெஸ்ட்ராவுக்காக டவுன்செண்ட் இரண்டு இயந்திரங்களை இணைத்து ஓட்டினார். உறையில் பாடல் வரிகளையே அச்சிட்டார்கள். பாப் பாட்டை உட்கார்ந்து வாசிக்கலாம் என்ற கோரிக்கை அதில் இருந்தது. ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருதைப் பெற்ற முதல் ராக் ஆல்பம் அது.

தாக்கம் ஒருவழிப் பாதையாக இருக்கவில்லை. பீட்டில்ஸின் ‘ரப்பர் சோல்’ கேட்டு பீச் பாய்ஸின் பிரையன் வில்சன் ‘பெட் சவுண்ட்ஸ்’ செய்தார். அதற்கான பதிலாகவும் ‘பெப்பர்’ பிறந்தது. 1967இன் முற்பகுதியில், பீட்டில்ஸ் பதிந்துவந்த அதே ஆபி ரோடு கட்டடத்தின் இன்னொரு கூடத்தில் பிங்க் ஃபிளாய்ட் தன் முதல் ஆல்பத்தைப் பதிந்துகொண்டிருந்தது. தயாரித்தவர் நார்மன் ஸ்மித், 1965 வரை பீட்டில்ஸின் ஒலிப் பொறியாளர். இளம் குழுக்களுக்குக் கூடத்தில் மாதக்கணக்கில் நேரம் தர நிறுவனங்கள் முன்வந்தது ‘பெப்பர்’ விற்ற கணக்கைப் பார்த்துத்தான்.

ஆனால் மேடை தோற்றுப்போகவும் இல்லை. 1967 ஜூன் 4 அன்று, ‘பெப்பர்’ ஆல்பம் கடைக்கு வந்து சில நாட்களே ஆன நிலையில், எப்ஸ்டீன் குத்தகைக்கு எடுத்திருந்த லண்டன் சாவில் அரங்கில், மெக்கார்ட்னியும் ஹாரிசனும் பார்வையாளர்களாக அமர்ந்திருக்க, ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் தன் நிகழ்ச்சியை அதன் தலைப்புப் பாடலோடு தொடங்கினார். அவர் கையில் ஒரு கிட்டார். பக்கத்தில் ஒரு பேஸும் டிரம்ஸும் மட்டுமே.