இராசசிங்கனின் தொழுவில் நின்ற காட்டுமாடு

களுவாஞ்சிக்குடிக்கு அருகே குருமண்வெளித் துறையில் ஏறி, வாவியைக் கடந்து மண்டூரில் இறங்கினால் படுவான்கரை. வயல்வெளி எங்கும் மாடும் எருமையும் மேயும். இவை இரண்டும் அல்லாத இன்னொரு மாட்டினமும் முன்னர் இலங்கையில் வாழ்ந்தது. முதுமலையிலும் ஆனைமலையிலும் இன்றும் திரிகிற, ஆயிரம் கிலோவை எட்டக்கூடிய காட்டுமாட்டின் நெருங்கிய உறவு அது. அதைப் பற்றி எழுதிவைத்தவர், நமது கிழக்குக் கரையில் பிடிபட்ட ஒரு கைதி.

1659இல் மசூலிப்பட்டினத்தில் அடித்த புயலில் பாய்மரம் இழந்த ஆங்கிலேயக் கப்பலொன்று, பழுதுபார்க்கக் கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. அதிலிருந்த இளைஞர் ரொபர்ட் நொக்ஸ் 1660இல் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களிடம் சிக்கினார். பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் கண்டி இராச்சியத்தில் வாழ்ந்து, 1679இல் தப்பினார். 1681இல் வெளிவந்த அவருடைய நூலில், அரசனின் விலங்குகளிடையே கண்ட ஒரு பிராணியைப் பற்றிச் சில வரிகள் உண்டு: உருவம் காளை போன்றது, முதுகு கூராக மேடிட்டது, நான்கு கால்களும் பாதிவரை வெள்ளை. தாம் கண்டது அந்த ஒன்றைத்தான் என்கிறார். காட்டுமாட்டை அறிந்த எவருக்கும் இந்த அடையாளங்கள் போதும்.

ஆனால், அரசர்களுக்கு அந்நியர் விலங்குகளைப் பரிசளிப்பது அக்கால வழக்கம். அதுவும் கப்பலில் வந்ததாக இருக்கலாமே?

பதில் இரத்தினபுரி மாணிக்கக் குழிகளில் கிடந்தது. கல் தேடுவோர் பழைய ஆற்றுப் பரலைத் தோண்டும்போது எலும்பும் பல்லும் அகப்படும். 1939 முதல் 1963 வரை தேசிய அருங்காட்சியகங்களின் பணிப்பாளராக இருந்த பி. ஈ. பி. தெரணியகல அவற்றைத் திரட்டி ஆராய்ந்தார். யானை, சிங்கம், காண்டாமிருகம் ஆகியவற்றோடு காட்டுமாடும் அங்கிருந்தது. இலங்கைக்குரிய தனிக் கிளையினமாக அதற்கு ‘சிங்ஹலேயஸ்’ என்று பெயரிட்டார்.

சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல் மட்டம் இன்றையதைவிட ஏறத்தாழ 120 மீற்றர் தாழ்ந்திருந்தது. பாக்கு நீரிணை அப்போது நிலம். இத்தகைய காலங்களில் விலங்குகள் நடந்தே வந்திருக்கலாம்.

நம் பட்டிகளில் நிற்கும் மாடு இந்தக் காட்டுமாட்டின் வழிவந்ததல்ல. அதன் மூதாதை வேறொரு காட்டுக்காளை. துணைக்கண்டத்தின் வடமேற்கில் ஏறத்தாழ 8,000 ஆண்டுகளுக்கு முன் பழக்கப்பட்டது.

காட்டுமாடு இத்தீவில் வாழ்ந்தது என்பதற்கு எலும்பு சாட்சி. நொக்ஸ் கண்டதும் இம்மண்ணில் பிறந்ததே என்றால், அது அழிந்த காலம் பனியுகமல்ல. ஒல்லாந்தர் மட்டக்களப்பில் கோட்டை வைத்திருந்த நூற்றாண்டுவரை அது வாழ்ந்திருக்கிறது.

அதே குழிகளில் நீர்யானையின் பல்லும் கிடைத்தது. அந்தக் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)