பாட்டிலில் பூச்சிமருந்து: 2003-இல் நடந்த கதை

"விஷம் இல்லை" என்பதும் "விஷம் இருப்பது தெரியவில்லை" என்பதும் ஒன்றா? நம் நாடு இந்தக் கேள்வியைச் சந்தித்த ஆண்டு 2003.

அந்த ஆண்டு பிப்ரவரியில், டெல்லியில் உள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் பாட்டில் தண்ணீரைச் சோதித்து முடிவுகளை வெளியிட்டது. ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள பாட்டில்களிலும் பூச்சிமருந்து இருந்தது! எப்படி? அப்போதைய விதியில் அளவு என்று ஓர் எண்ணே கிடையாது. "கண்டறியக்கூடிய அளவுக்குக் கீழே" இருந்தால் போதும் என்றது விதி. அதற்காகச் சொல்லப்பட்ட சோதனை முறையோ நுட்பம் குறைந்தது. மூட்டை நிறுக்கும் தராசில் தங்கம் நிறுப்பது போலத்தான்.

மையம் பயன்படுத்தியது கேஸ் குரோமடோகிராபி என்ற முறை. பானத்தில் உள்ள மருந்தைக் கரைப்பான் கொண்டு பிரித்து, ஆவியாக்கி, மிக மெல்லிய நீண்ட குழாய் வழியே அனுப்புவார்கள். ஒவ்வொரு வேதிப்பொருளும் ஒவ்வொரு நேரத்தில் வெளியே வரும். வரும் நேரத்தை வைத்து அது என்ன மருந்து என்றும், பதிவாகும் அளவை வைத்து எவ்வளவு என்றும் சொல்லலாம். நூறு கோடியில் ஒரு பங்கு இருந்தாலும் சிக்கிவிடும்.

ஆகஸ்ட் 5 அன்று அடுத்த குண்டு. பெப்சி, கோக் உள்ளிட்ட 12 குளிர்பானங்களில் லிண்டேன், டி.டி.டி., மாலத்தியான், குளோர்பைரிபாஸ்! நிறுவனங்கள் மறுத்தன. அரசு மைசூரிலும் கொல்கத்தாவிலும் சோதனை நடத்தியது. பாட்டில் தண்ணீருக்கு அன்றிருந்த விதிப்படி பன்னிரண்டும் பாதுகாப்பானவை என்று நாடாளுமன்றத்தில் அமைச்சர் சுஷ்மா ஸ்வராஜ் அறிவித்தார். ஆனால் அவற்றில் 9 பானங்கள் ஐரோப்பிய வரம்பைத் தாண்டியிருந்தன. ஒரே பாட்டில், ஒரு விதியில் பாஸ், இன்னொன்றில் ஃபெயில்!

பிரச்சனை சரத் பவார் தலைமையிலான நாடாளுமன்றக் கூட்டுக்குழுவுக்குப் போனது. இந்திய வரலாற்றில் அது நான்காவது கூட்டுக்குழு. முந்தைய மூன்றும் போபர்ஸ் பீரங்கி பேரம், ஹர்ஷத் மேத்தா ஊழல், 2001 பங்குச்சந்தை ஊழல் ஆகியவற்றுக்காக அமைந்தவை. 2004 பிப்ரவரியில் வந்த அறிக்கை, மையத்தின் கண்டுபிடிப்பு சரியே என்றது. பாட்டில் தண்ணீருக்கு அந்த ஜனவரி முதலே புதிய வரம்பு அமலாகியிருந்தது: ஒரு லிட்டரில் எல்லா மருந்தும் சேர்ந்து 0.0005 மில்லிகிராம்.

குளிர்பானத்துக்கு? இந்தியத் தர நிர்ணய அமைவனம் அதே அளவைத் தயார் செய்தது, ஆனால் சட்டமாகவில்லை. 2006 ஆகஸ்டில் மையம் மீண்டும் 57 பாட்டில்களைச் சோதித்தது. சராசரி, அந்த வரம்பைப் போல 24 மடங்கு! கேரள அரசு கோக், பெப்சிக்குத் தடை போட்டது. செப்டம்பரிலேயே உயர்நீதிமன்றம் தடையை நீக்கியது.

"பாலிலும் காய்கறியிலும் இதைவிட அதிகம் இருக்கிறதே" என்ற வாதமும் அப்போது எழுந்தது. அதை ஒதுக்கிவிட முடியாது. வயலில் அடித்த மருந்து நிலத்தடி நீரில் இறங்கி, அந்த நீர்தான் தொழிற்சாலைக்குப் போனது. ஆனால் பால், காய்கறி இல்லாமல் வாழ முடியாது. குளிர்பானம் இல்லாமல் வாழலாம்.

இனி யாராவது "பாதுகாப்பானது" என்றால், எந்த விதிப்படி, எந்தக் கருவியில் அளந்தது என்று கேளுங்கள். பதில் அங்கேதான் இருக்கிறது.