பண்ணைப்புரத்துப் பாட்டும் எக்கோ இசைத்தட்டும்

ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் ரெகே இசையை வளர்த்த சிறு இசைத்தட்டு நிறுவனங்கள் சில, தெருவில் ஒலிபெருக்கி வைத்து ஆட்டக் கூட்டங்கள் நடத்தியவர்களின் கையிலிருந்தே பிறந்தன. 1950களில் அத்தொழில் செய்த காக்ஸன் டாட், 1963இல் சொந்த ஒலிப்பதிவுக்கூடம் அமைத்து, ஸ்டுடியோ ஒன் என்னும் முத்திரையில் இசைத்தட்டுகளை வெளியிட்டார். தமிழ்நாட்டின் கம்பம் பள்ளத்தாக்கிலும் கோயில் கொடைக்கும் காதுகுத்துக்கும் புனல் ஒலிபெருக்கி கட்டிய மைக் செட் காரர்கள் இருந்தார்கள் என்றாலும், அத்தொழில் அந்தத் திசையில் வளரவில்லை. தமிழ்நாட்டில் விற்பனையாகும் பாட்டு பெரும்பாலும் திரைப்படப் பாட்டாகவே இருந்ததும், அதன் உரிமை தயாரிப்பாளரிடம் இருந்ததும், அவரிடம் உரிமை வாங்கக் கூடியவர்கள் சென்னையில் இருந்ததுமே அதற்குக் காரணங்கள்.

பள்ளத்தாக்கிற்குப் பாட்டுப் பஞ்சம் இருந்ததில்லை. அங்குள்ள பண்ணைப்புரத்தைச் சேர்ந்த பாவலர் வரதராசன், பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் உழைப்பாளர் துயரத்தைப் பாடியவர். 1958இல் மலைக்கு அப்பால் தேவிகுளத்தில் நடந்த இடைத்தேர்தலில், தேயிலைத் தோட்டத் தமிழ்த் தொழிலாளர் நடுவே அவர் பாட, கட்சி வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் வென்றார். அவருடைய பாட்டுக் குழுவில் தம்பிகளும் சேர்ந்து பாடினர். அவர்களுள் ஒருவரான இளையராஜா, 1976இல் 'அன்னக்கிளி' வழியே திரையுலகில் நிலைபெற்றார். மேடைக்கென்றே பிறந்த அண்ணனின் பாட்டுகளைத் தேடித் தொகுக்க வேண்டியிருக்க, தம்பியின் பாட்டுகள் இசைத்தட்டு முத்திரைகளோடு வீடுதோறும் சென்றன என்பது இவ்வரலாற்றின் வேதனையான பகுதி.

அம்முத்திரைகளுள் ஒன்றான எக்கோ, 1980களில் 'மௌன ராகம்' (1986), 'நாயகன்' (1987) போன்ற படங்களின் பாடல்களை இசைத்தட்டாகவும் கேசட்டாகவும் வெளியிட்ட சென்னை நிறுவனம். பாட்டைத் தானே உருவாக்காமல், தயாரிப்பாளரிடம் ஒலிப்பதிவு உரிமையைப் பெற்று விற்பதே இத்தகைய நிறுவனத்தின் தொழில். அதே காலத்தில் ஊர்க் கடைவீதிகளில் இருந்த ரெக்கார்டிங் சென்டர்களில், விருப்பப் பாடல்களைத் தாளில் எழுதிக் கொடுத்து, வெற்றுக் கேசட்டில் பதிந்து வாங்கிக்கொண்டார்கள். உரிமை பற்றிய கேள்வி அங்கே எழவே இல்லை.

அக்கேள்வி பின்னாளில் நீதிமன்றத்தில் எழுந்தது. எக்கோவும் இளையராஜாவும் எதிரெதிராக நின்ற வழக்கில், 2019இல் சென்னை உயர் நீதிமன்றம் தயாரிப்பாளர் வழியே நிறுவனம் பெற்ற ஒலிப்பதிவு உரிமையை ஏற்றதோடு, படைப்பு சிதைக்கப்படாமல் காக்க இசையமைப்பாளருக்கு உள்ள தார்மிக உரிமையையும் தனியே ஏற்றது.