சக்கரத்தில் ஒட்டிய பசை



போன பௌர்ணமிக்கு என் தம்பி மகன் பெங்களூரிலிருந்து கிரிவலம் வந்திருந்தான். வரும் வழியில் காரின் ஸ்டீயரிங் உதறியதாம். காலையில் டயர் கடைக்குப் போய் வீல் பேலன்சிங் பார்க்கலாம் என்றான். மருந்து வாங்க வேண்டியிருந்ததால் ஆசிரமத்துப் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து நானும் கூடவே போனேன்.

கடையில் ஒரு பையன். பதினெட்டு, பத்தொன்பது வயது இருக்கும். சக்கரத்தின் வெளி விளிம்பில் முன்பு யாரோ ஒட்டியிருந்த வெயிட்டை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுத்தான். கட்டி வந்துவிட்டது, அடியில் இருந்த சாம்பல் நிறப் பசை வரவில்லை. முதலில் கம்பி நார் போட்டுத் தேய்த்தான். பிறகு துணியில் தின்னரை நனைத்துத் துடைத்தான். பசை போனது. கூடவே பளபளப்பும் போனது. நடுவில் ஒரு விரல் நீளத்துக்கு வெள்ளைக் கோடு விழுந்திருந்தது.

தம்பி மகன் சத்தம் போட்டான். கடைக்காரர் ஓடி வந்து, "இவன் சம்பளத்துல பிடிச்சுக்கறேன் சார்" என்றார். பையன் தலை குனிந்து நின்றான். எனக்கு மனசு கேட்கவில்லை. "இந்தப் பசையை எப்படி எடுக்கணும்னு இவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டேன். யாரும் பதில் சொல்லவில்லை.

அந்தக் கேள்விக்கு நூறு வருஷத்துக்கு முன்பே ஒருவர் பதில் தேடியிருக்கிறார். அந்தக் கதையைத்தான் இன்று எழுதப்போகிறேன்.

நம் ஊர் மாட்டு வண்டியிலிருந்து தொடங்குவோம். தீபத் திருவிழா மாட்டுச் சந்தைக்கு வண்டி கட்டிக்கொண்டு வந்த காலம் உங்களில் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அந்தச் சக்கரத்தில் பசைக்கு வேலையே இல்லை. குடம், ஆரக்கால், வட்டை எல்லாம் மரம். இரும்புப் பட்டையை நெருப்பில் பழுக்கக் காய்ச்சி, விரிந்த நிலையில் வட்டையின் மேல் ஏற்றித் தண்ணீர் ஊற்றுவார்கள். குளிர்ந்த பட்டை சுருங்கி மரத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும். இருசுக்கு வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்த வண்டி மை. அந்தச் சக்கரத்தில் கீறல் விழுந்தால் யாரும் வருத்தப்பட்டதில்லை.

வருத்தம் மோட்டார் காரோடு வந்தது. கார் பிறந்த புதிதில் அதற்கு வர்ணம் அடித்தவர்கள் குதிரைக் கோச்சு வண்டிக்கு வர்ணம் அடித்தவர்கள்தான். சென்னையில் 1840-ல் தொடங்கிய சிம்சன் கம்பெனியும் கோச்சு வண்டி கட்டிய கம்பெனிதான். மோட்டார் வாகனமெல்லாம் அதற்குப் பிறகு வந்தவை. அந்தக் கால எண்ணெய் வார்னிஷ் ஒவ்வொரு பூச்சும் காய நாள் கணக்கில் ஆகும். ஒரு கார் முழுக்க முடிய வாரக் கணக்கு. ஃபோர்டு கம்பெனி 1914 முதல் 1925 வரை தன் டி மாடல் காரைக் கறுப்பில் மட்டுமே விற்றதற்கு உற்பத்தி வேகமும் சிக்கனமும் காரணங்கள்.

1923-ல் அமெரிக்காவின் டூபான்ட் கம்பெனி 'டூகோ' என்ற வர்ணத்தைக் கொண்டுவந்தது. நம் ஊரில் பீரோவுக்கும் கதவுக்கும் 'டூகோ பெயிண்ட்' என்கிறோமே, அந்தப் பெயர் அங்கிருந்து வந்ததுதான். துப்பாக்கி போன்ற கருவியால் பீச்சினால் மணிக்கணக்கில் காய்ந்துவிடும், பல நிறங்களிலும் கிடைக்கும். உடனே காரில் இரண்டு வர்ணம் அடிப்பது மோஸ்தராகிவிட்டது. மேலே ஒரு நிறம், கீழே ஒரு நிறம், நடுவில் நேர்க்கோடு.

அந்த நேர்க்கோட்டில்தான் வம்பு வந்தது. ஒரு நிறம் அடித்து முடித்ததும் அதைக் காகிதத்தால் மூடி, ஓரங்களைப் பசையாலோ காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியாலோ ஒட்டிவிட்டு அடுத்த நிறத்தைப் பீச்சுவார்கள். பிறகு பிளாஸ்திரியை உரித்தால் அடியில் இருந்த புது வர்ணமும் சேர்ந்து உரிந்து வரும். வேலையைத் திரும்பவும் முதலிலிருந்து செய்ய வேண்டும். இதற்கான காரணத்தை இரண்டு வரியில் சொல்லலாம். பசைக்கும் வர்ணத்துக்கும் உள்ள பிடிப்பு, வர்ணத்துக்கும் தகட்டுக்கும் உள்ள பிடிப்பைவிடப் பலமாக இருந்தால், பசையை இழுக்கும்போது வர்ணமும் வரும். நம் பையன் செய்ததும் இதன் இன்னொரு முகம்தான். பலமான பசையை எடுக்க அதைவிடப் பலமான பொருளைக் கொண்டு வந்தான். அது வர்ணத்தையும் சேர்த்துத் தின்றுவிட்டது.

ரிச்சர்ட் ட்ரூ என்ற இளைஞர் அப்போது மின்னசோட்டா மாநிலத்தில் ஓர் உப்புத்தாள் கம்பெனியில் வேலை பார்த்தார். இன்றைக்கு 3எம் என்று அழைக்கிறோமே, அதே கம்பெனி. கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவர், நடனக் குழுக்களில் பாஞ்சோ வாசித்தவர். புது மாதிரி உப்புத்தாளை சோதித்துப் பார்க்க செயின்ட் பால் நகரத்து கார் பட்டறைகளுக்குப் போவது அவருடைய வேலை. அப்படிப் போன ஒரு நாள், வர்ணம் உரிந்துபோன தொழிலாளிகள் திட்டிக்கொண்டிருப்பதைக் கேட்டார். உப்புத்தாள் விற்கப் போனவருக்கு அது சம்பந்தமில்லாத விஷயம். காதில் விழாத மாதிரி வந்திருக்கலாம். அவர் அப்படி வரவில்லை. இதற்கு நான் வழி கண்டுபிடிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தார்.

சுமார் இரண்டு வருஷம் ஆனது. இடையில் மேலதிகாரி அதை விட்டுவிட்டு உப்புத்தாள் வேலையைப் பார்க்கச் சொன்னதும் உண்டு. தச்சர்கள் பயன்படுத்தும் பசையில் கிளிசரின் கலந்து, சுருக்கம் வைத்த காகிதத்தில் தடவி, 1925-ல் மாஸ்கிங் டேப்பை உருவாக்கினார். தேவையான நேரம் பிடித்துக்கொண்டிருக்கும், உரித்தால் வர்ணத்தை விட்டுவிட்டு வந்துவிடும். ஒட்டும் பொருள்களின் வரலாற்றில் இது ஒரு திருப்பம். அதுவரை எல்லோரும் எவ்வளவு பலமாக ஒட்டும் என்று பார்த்தார்கள். அவர் எவ்வளவு நல்லபடியாக விடும் என்றும் பார்த்தார். இன்று நம் வீட்டில் இருக்கும் கண்ணாடி மாதிரி செல்லோ டேப்பின் மூதாதையை 1930-ல் கொண்டுவந்தவரும் இவரே.

இனி சக்கரத்துக்கு வருவோம். அலுமினியச் சக்கரம் பழைய சங்கதிதான். 1924-லேயே பிரான்சில் புகாட்டி கம்பெனி தன் பந்தயக் காருக்கு வார்ப்பு அலுமினியச் சக்கரம் போட்டது. ஆனால் சாதாரண ஜனங்களின் கார் வெகு காலம் இரும்புச் சக்கரத்தில்தான் ஓடியது. சென்னை பாடியில் வீல்ஸ் இந்தியா கம்பெனி 1960-ல் தொடங்கியது. அந்தக் காலத்து அம்பாசிடரிலும் ஃபியட்டிலும் பார்த்திருப்பீர்கள், இரும்புச் சக்கரம், நடுவில் பளபளக்கும் வீல் கப்.

சக்கரம் எவ்வளவு நேர்த்தியாகச் செய்தாலும் ஒரு பக்கம் சில கிராம் கனம் கூடத்தான் இருக்கும். வேகமாகச் சுழலும்போது அந்தச் சில கிராம் வண்டியையே உதற வைக்கும். எதிர்ப் பக்கம் அதே அளவு எடை வைத்துச் சமன் செய்வதுதான் பேலன்சிங். இரும்பு ரிம்மின் விளிம்பில் ஈயக் கட்டியைக் கொக்கி மாதிரி அடித்து மாட்டுவார்கள். அலுமினிய ரிம்மில் அப்படி அடித்தால் விளிம்பு காயப்படும், பார்க்கவும் அழகில்லை. அதனால் 5 கிராம், 10 கிராம் கட்டிகளை வரிசையாக வைத்த ஒட்டும் பட்டை வந்தது. ஈயம் விஷம் என்பதால் ஐரோப்பிய ஒன்றியத்தில் 2005-லிருந்து கார்ச் சக்கரத்துக்கு ஈய எடை கூடாது. இரும்பும் துத்தநாகமும் அந்த இடத்துக்கு வந்தன. எந்த உலோகமானாலும், பிரேக் சூடும் மழையும் தாங்கி ஓட்டத்தில் விழாமல் இருக்க வேண்டுமே. அதனால் பசை ரொம்பப் பலமானது. 1925-க்கு முன்பு பட்டறையில் இருந்த அதே வம்பு, புது உருவத்தில் சக்கரத்துக்கு வந்து சேர்ந்தது.

அதை எடுக்கும் வழி நம் வீட்டிலேயே இருக்கிறது. பண்ருட்டிப் பலாப்பழம் வந்தால் என்ன செய்கிறோம்? கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவிக்கொள்கிறோம். பலாப் பால் தண்ணீருக்கு மசியாது, எண்ணெய்க்கு மசியும். எவர்சில்வர் பாத்திரத்தின் ஸ்டிக்கரை அடுப்பில் லேசாகக் காட்டி உரிக்கிறோம். சூட்டுக்கு இளகும். இந்த இரண்டும்தான் சக்கரத்துக்கும்.

முதலில் ஒரு எச்சரிக்கை. எடைக் கட்டி நல்லபடியாக இருந்தால் அதைத் தொடாதீர்கள். எடுத்தால் மறுபடி பேலன்சிங் செய்தாக வேண்டும். பழைய கட்டி போய் வெறும் பசை மட்டும் நிற்கும் இடத்துக்குத்தான் இந்த வைத்தியம். சக்கரத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு செய்வது நல்லது. எண்ணெய் பிரேக் தட்டில் பட்டால் பிரேக் பிடிக்காது, அது உயிர் விஷயம்.

சோப்புத் தண்ணீரால் மண்ணைக் கழுவுங்கள். மண்ணோடு தேய்த்தால் அதுவே உப்புத்தாள். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைப் பசையின் மேல் சில நிமிடம் வையுங்கள், அல்லது தலை காய வைக்கும் டிரையரைக் காட்டுங்கள். இளகியதும் பழைய ஏடிஎம் கார்டின் ஓரத்தால் தள்ளினால் பெரும்பகுதி வந்துவிடும். மிச்சத்தில் தேங்காய் எண்ணெய் தடவி ஊற விட்டுக் கட்டை விரலால் உருட்டுங்கள். ரொம்பப் பிடிவாதமான பசைக்குத் துணியில் கொஞ்சம் மண்ணெண்ணெய், அதுவும் மறைவான இடத்தில் சோதித்த பிறகு, அடுப்பும் நெருப்பும் இல்லாத இடத்தில். கடைசியில் சோப்புப் போட்டு எண்ணெய்ப் பசை போகக் கழுவ வேண்டும். கம்பி நார், தின்னர், ஆசிட் மூன்றும் கூடாது.

பளபளப்பு போய்விட்டால்? அலாய் வீலில் அடியில் பிரைமர், மேலே வர்ணம், அதற்கு மேல் கண்ணாடி போன்ற கிளியர் கோட். கிளியர் கோட் மட்டும் மங்கியிருந்தால் பாலிஷ் போதும். உலோகம் தெரிந்தால் சும்மா விடக்கூடாது. தண்ணீர் உள்ளே நுழைந்து, பூச்சுக்கு அடியில் புழு ஊர்ந்த மாதிரி வெள்ளைக் கோடாக அரிப்பு பரவும். அந்த இடத்தைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டி, தண்ணீர் உப்புத்தாளால் மெதுவாகத் தேய்த்து, பிரைமர், வர்ணம், கிளியர் என்று ஒவ்வொன்றையும் மெல்லிசாக, காயவிட்டு அடிக்க வேண்டும். ட்ரூவின் டேப் இல்லாமல் இந்த வேலை நடக்காது என்பதைக் கவனியுங்கள். லேத்தில் கடைந்து பளபளப்பாக்கிய முகமென்றால் மறுபடி லேத்தில்தான் ஏற்ற வேண்டும். ரிம் வளைந்தோ விரிந்தோ இருந்தால் வர்ணம் அடித்து மறைக்காதீர்கள், நல்ல மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

பகவான் ரமணரின் வாழ்க்கை வரலாற்றில் ஒரு நிகழ்ச்சி உண்டு. மலையில் ஒரு முள் கொம்பை எடுத்து, முள்ளைச் சீவி, கணுக்களைத் தட்டி, சொரசொரப்பான இலையால் பல மணி நேரம் தேய்த்து வழவழப்பான கைத்தடியாக்கினாராம். வழியில் தடியைத் தொலைத்துவிட்டு நின்ற ஆடு மேய்க்கும் பையனிடம் அதைக் கொடுத்துவிட்டார். கம்பி நார் போட்டு ஐந்து நிமிடத்தில் தேய்த்த வேலையைப் பார்த்தபோது எனக்கு அந்த இலைதான் நினைவுக்கு வந்தது.

நானும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு வருஷம் ஐந்தாம் வகுப்பில் பின்னக் கணக்கு வராத ஒரு பையனை முட்டி போட வைத்தேன். அந்தப் பாடம் நடத்திய நாள்களில் அவன் பெற்றோருடன் கரும்பு வெட்டப் போயிருந்தான், வகுப்பிலேயே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. நான் சொல்லித் தராததற்கு அவன் முழங்கால் வலித்தது. கடையில் தலை குனிந்து நின்ற பையனைப் பார்த்ததும் அவன் முகம்தான் வந்தது.

தம்பி மகனிடம் சொன்னேன். அவனுக்கும் கோபம் தணிந்திருந்தது. "சரி அத்தை, சம்பளத்துல பிடிக்க வேணாம்னு சொல்லிடறேன்" என்றான். சொன்னான். மீதிப் பசை இருந்த இரண்டாவது சக்கரத்தை வெந்நீரும் தேங்காய் எண்ணெயும் வாங்கி வரச் சொல்லி அந்தப் பையனையே செய்யச் சொன்னோம். இருபது நிமிடம் ஆனது. ஒரு கீறல் இல்லை. பையன் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இவ்ளோதானாம்மா?" என்று கேட்டான். அடுத்த வாரம் அந்தப் பக்கம் போனபோது, சம்பளம் பிடிக்கவில்லை என்றும் சொன்னான்.

உங்களில் பலர் இன்று பட்டறை, கடை, கம்பெனி என்று நாலு பேருக்கு வேலை கொடுக்கும் நிலையில் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு பையன் எதையாவது கெடுத்துவிட்டால், அபராதம் போடுவதற்கு முன்னால் அதை அவனுக்குச் சொல்லிக் கொடுத்தோமா என்று ஒரு தடவை யோசியுங்கள். டீச்சர் கேட்பது இவ்வளவுதான்.

எல்லோரும் நலமாக இருங்கள். அருணாசலேஸ்வரர் துணை.