அடக்கி வாசி

"கொஞ்சம் அடக்கி வாசி!" என்று நம்மவர்கள் சொல்லுவார்கள். அளவுக்கு மீறிப் பேசுகிறவனைப் பார்த்துச் சொல்லும் வார்த்தை அது. கச்சேரி மேடையின் வாசனை வீசும் வார்த்தை. பாடகர் குரலைத் தாழ்த்தும்போது மிருதங்கக்காரரும் கையைத் தாழ்த்த வேண்டும். இல்லாவிட்டால் பாட்டு முழுகிப் போகும்.

மனிதர்கள் அடக்கி வாசிப்பது அபூர்வமாகிவிட்ட இந்தக் காலத்தில், அந்த வேலையை ஒரு யந்திரம் செய்வதைப் புதுச்சேரியில் பார்த்தேன்.

சென்ற மார்கழியில் அங்கே நண்பர் ஒருவர் வீட்டில் மூன்று நாள் தங்கியிருந்தேன். அவருடைய தாயாருக்கு எண்பது வயதுக்கு மேல். கல்லூரியில் படிக்கும் பேரன், ஆயாவின் தாலாட்டைப் பழைய மடிக்கணினி ஒன்றில் பதிவு செய்து வைத்திருந்தான். போட்டுக் காட்டினான். முதல் அடி கணீரென்று காதைத் துளைத்தது. போகப் போகக் குரல் தேய்ந்தது. கடைசி அடி மின்விசிறியின் இரைச்சலில் கரைந்தே போயிற்று. பையன் திரையில் எதையோ திருகினான். மறுபடி கேட்டபோது எல்லா அடிகளும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் ஒலித்தன.

"என்னப்பா மந்திரம் செய்தாய்?"

"மந்திரம் இல்லை பெரியப்பா, கம்ப்ரெஸர்."

"விலை அதிகமோ?"

"விலையே இல்லை. அது மட்டுமில்லை. இதற்குள் என்ன எழுதியிருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம்."

விலை இல்லை என்றதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. திறந்து பார்க்கலாம் என்றானே, அதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. அந்தச் சின்னஞ்சிறு சாதனத்தின் பூர்வ கதையைத் தேடிப் போனேன்.

கதை இசைத்தட்டுக் காலத்தில் ஆரம்பமாகிறது. 1902-ல் ஃப்ரெட் கெய்ஸ்பர்க் என்பவர் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜான் முதலியோரின் பாட்டைப் பதிவு செய்தார். அப்போது மைக்கும் கிடையாது, மின்சாரமும் கிடையாது. ஒரு பெரிய கொம்புக் குழாயின் வாயில் பாட வேண்டும். மெல்லப் பாடினால் ஊசியின் கரகரப்பு பாட்டை விழுங்கிவிடும். உரக்கப் பாடினால் ஊசி துள்ளித் தடம் கெட்டுவிடும். ஆகவே அந்நாளைய பதிவு அறைகளில், உச்சஸ்தாயி வரும்போது பாடகரைப் பின்னுக்கு இழுப்பார்கள். குரல் தணியும்போது குழாயின் அருகே தள்ளுவார்கள். உலகத்தின் முதல் கம்ப்ரெஸர் பாடகரின் தோளைப் பிடித்த இரண்டு கைகள்தாம்!

1925-க்குப் பிறகு மின்சாரப் பதிவு வந்தது. ரேடியோவும் பரவியது. இப்போது வேறு தொல்லை. ஒலிபரப்பில் சத்தம் ஓர் எல்லையைத் தாண்டினால் ஒலி சிதைந்து போகும். ஒருவர் குமிழைப் பிடித்துக்கொண்டு நாளெல்லாம் கண் இமைக்காமல் உட்கார்ந்திருக்க முடியுமா? 1930-களில் அந்த வேலையைச் செய்யத் தானியங்கிக் கருவிகள் பிறந்தன.

அவற்றின் தத்துவம் எளிதானது. ஒலிக்கு ஒரு வாசற்படி வைக்கிறார்கள். படிக்குக் கீழே இருக்கும் வரை கருவி தலையிடாது. படியைத் தாண்டினால் அழுத்தும். நாலுக்கு ஒன்று என்று விகிதம் வைத்தால், படிக்கு மேல் 8 டெசிபல் எழும்பிய ஒலி 2 டெசிபல் மட்டுமே மேலே போகும். எவ்வளவு சீக்கிரம் பிடிக்க வேண்டும், எவ்வளவு நேரத்தில் விட வேண்டும் என்பதற்கும் கணக்கு உண்டு. உரத்தது தணிந்தபின் மொத்தத்தையும் சற்றே உயர்த்தினால், மெல்லிய குரலும் நம் அருகே வந்துவிடும்.

கேட்பதற்கு எளிது, செய்வது சாமானியமல்ல. எஸ்தோனியாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ரைன் நார்மா வகுத்த ஃபேர்சைல்ட் 670 என்ற கருவியில் 20 வால்வுகள். எடை ஏறக்குறைய 30 கிலோ. 1960-களில் கலிபோர்னியாவில் ஜிம் லாரன்ஸ் உருவாக்கிய எல்.ஏ.2ஏ இன்னும் விசித்திரமானது. ஒலி மிஞ்சினால் உள்ளே ஒரு தகடு ஒளிரும். அந்த ஒளி, வெளிச்சம் பட்டால் தன்மை மாறும் ஒரு பொருளின் மேல் விழும். உடனே ஒலி தணியும். பாட்டு, தன் வெளிச்சத்திலேயே தன்னை அடக்கிக்கொள்கிறது! இவையெல்லாம் பெரிய ஸ்டூடியோக்களின் சொத்து. சாமானியன் பெயரைக்கூடக் கேட்டதில்லை.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. வால்வு செய்த வேலையைக் கணக்கு செய்தது. முப்பது கிலோ இரும்பு சில பக்க எழுத்தாகிவிட்டது. எடை போயிற்று, பூட்டு போகவில்லை. கணக்கை எழுதியவர்கள் அதை மூடி வைத்து விற்றார்கள்.

இந்த இடத்தில் புதுச்சேரியை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1908-ல் பிரிட்டிஷ் கெடுபிடிக்குத் தப்பி இந்தப் பிரெஞ்சு மண்ணுக்கு வந்த பாரதியார், பத்து வருஷம் இங்கே இருந்து பாடினார். அவர் வசித்த வீடு ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் நினைவில்லமாக நிற்கிறது. அந்தப் பாட்டுகளை நாடே பாடிற்று. ஆனால் அவற்றை இசைத்தட்டில் பதியும் உரிமை கைமாறிக் கைமாறி, கடைசியில் ஏவி.மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. 'பில்ஹணன்' படத்தில் டி.கே.எஸ். சகோதரர்கள் பாரதி பாட்டைச் சேர்த்தபோது தகராறு எழுந்தது. பாரதி பாடல் பொதுச்சொத்தாக வேண்டும் என்ற குரல் வலுத்தது. 1949-ல் சென்னை அரசாங்கம் உரிமைகளை ஏற்றது. செட்டியார் தம் உரிமையைப் பணம் பெறாமலே கொடுத்தார். பாட்டு ஊருக்குச் சொந்தமாயிற்று.

பாட்டுக்கு நடந்தது, பாட்டைப் பதியும் கருவிக்கும் நடந்தது. 1983-ல் ரிச்சர்ட் ஸ்டால்மன், எல்லோருக்கும் சொந்தமான மென்பொருளைப் படைக்கப் போவதாக அறிவித்தார். பயன்படுத்தவும், படித்துப் பார்க்கவும், பகிரவும், திருத்தி வெளியிடவும் யாருக்கும் உரிமை என்பது அதன் சாரம். 1989-ல் அதற்கென ஒரு பொது உரிமப் பத்திரம் எழுதினார். 2000-ல் ரிச்சர்ட் ஃபர்ஸ் முதலியோர் 'லாட்ஸ்பா' என்ற ஏற்பாட்டை வகுத்தார்கள். சுவரிலுள்ள மின்சாரப் பிளக்குக்கு எந்தக் கம்பெனி விளக்கும் பொருந்துவது போல, ஒருவர் எழுதிய ஒலிச் சாதனம் இன்னொருவர் எழுதிய பதிவு மென்பொருளில் பொருந்த வழி பிறந்தது. அந்த வழியில் ஸ்டீவ் ஹாரிஸ் என்பவர் எழுதி அதே பொது உரிமத்தில் கொடுத்த எஸ்.சி.4 தான், பையன் திருகிய கம்ப்ரெஸர்!

ஒரு வித்தியாசம் உண்டு. பாரதி பாட்டில் உரிமை விட்டுக்கொடுக்கப்பட்டது. இங்கே ஆசிரியர் உரிமையை விடவில்லை. அதையே காவலுக்கு நிறுத்தினார். திருத்தி வெளியிடுகிறவனும் அதே சுதந்திரத்தைப் பிறருக்குக் கொடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. எடுத்தவன் பூட்டிக்கொள்ள முடியாது.

கருவி எல்லோர் கைக்கும் வந்துவிட்டது, சரி. எல்லோருக்கும் அடக்கி வாசிக்கத் தெரிந்துவிட்டதா? 1990-களில், குறுந்தட்டு யுகத்தில், என் பாட்டு உன் பாட்டைவிட உரக்கக் கேட்க வேண்டும் என்று மேல்நாட்டுக் கம்பெனிகள் போட்டியிட்டன. ஏற்ற இறக்கத்தையெல்லாம் நசுக்கி, பாட்டை ஒரே சுவராக்கினார்கள். 2006-ல் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் காது உணரும் சத்தத்தை அளக்க ஒரு முறை வகுக்க வேண்டியதாயிற்று. அடக்கத்துக்குப் பிறந்த கருவி ஆர்ப்பாட்டத்துக்கு ஆயுதமானது!

புதுச்சேரிப் பையனும் அந்தத் தவறைத்தான் செய்திருந்தான். அன்று மாலை ஆயாவை அழைத்துப் பாட்டைப் போட்டுக் காட்டினான். கிழவி கூர்ந்து கேட்டாள்.

"யார்றா இது, காதுக்குள்ள வந்து கத்துறது?"

"நீதான் ஆயா."

"போடா! கடைசி வரைக்கும் இப்படிப் பாடினா கொழந்தை எப்படிடா தூங்கும்?"

பையன் திகைத்து நின்றான். தாலாட்டு தேய்ந்து போனது மூப்பின் குறையல்ல. குழந்தை கண்ணயர்கிறது என்பதன் அடையாளம். அந்தக் கணக்கு எந்த மென்பொருளிலும் எழுதப்படவில்லை. அது ஆயாவிடம் இருந்தது.

பையன் விகிதத்தைக் குறைத்தான், வாசற்படியை உயர்த்தினான். இப்போது முதல் அடி காதைத் துளைக்கவில்லை. கடைசி அடி தேய்ந்துதான் ஒலித்தது. ஆனால் விசிறிக்குப் பின்னால் ஒளியவில்லை. ஆயா ஒன்றும் சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, மடியில் இல்லாத குழந்தைக்காக முழங்காலை மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தாள்.