காசு ஒன்றுக்கு அரைக்கால்: வட்டிக் கணக்கிலிருந்து வலைப்பக்க வார்ப்புரு வரை

ராஜபாளையத்திலிருந்து அய்யனார் கோவிலுக்குப் போகிற சாலையில், நகரத்துக்குக் குடிநீர் தரும் தேக்கத்துக்கு ஆறாவது மைல் என்றுதான் பெயர். மெட்ரிக் அளவைச் சட்டம் 1956-இல் வந்தது. மைல் இன்னும் பெயரை விட்டு இறங்கவில்லை. அதே ஊரில் கைமாற்றுக் கேட்பவர் பேச்சும் இப்படித்தான். "என்ன வட்டி அண்ணாச்சி?" "ரெண்டு வட்டி." அதோடு பேச்சு முடிந்தது. நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய் என்பது இருவருக்கும் தெரியும். ஆண்டுக்கு 24% என்று எவரும் கணக்குச் சொல்வதில்லை. எத்தனை ரூபாய்க்கு, எவ்வளவு காலத்துக்கு என்ற இரண்டும் சொல்லில் இல்லை. ஊர் வழக்கில் இருக்கின்றன.

ஒரு வீதத்தை எழுதும்போது இந்த இரண்டும் எப்படிப் படிப்படியாக உதிர்ந்தன என்பதே இங்கே ஆராயப்படுகிறது. உதிர்ந்ததன் விளைவை இன்று வலைப்பக்க வார்ப்புரு எழுதுபவர்தான் சுமக்கிறார்.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் இராசராசன் காலத்து முதலீடுகள் விரிவாகப் பதிவாகியுள்ளன. கோயிலுக்கு வைத்த காசை ஊர்ச்சபையாரோ வணிகரோ பெற்றுக்கொண்டு பொலிசை, அதாவது வட்டி, செலுத்தினார்கள். அதன் அளவு, காசு ஒன்றுக்கு ஆட்டைவட்டம் அரைக்கால் காசு. நெல்லாக என்றால் முக்குறுணி. எதற்கு என்பதற்குக் 'காசு ஒன்றுக்கு', எவ்வளவு காலத்துக்கு என்பதற்கு 'ஆட்டைவட்டம்', அதாவது ஆண்டுதோறும். நம் கணக்கில் 12.5%. ஆனால் நூறு என்ற எண் அங்கே எங்கும் தேவைப்படவில்லை. எட்டில் ஒன்று அரைக்கால். அதற்குத் தனிக்குறி உண்டு. புள்ளிக்குப் பின் எத்தனை இலக்கம் என்ற கேள்வியே எழவில்லை.

திண்ணைப் பள்ளியில் எண்சுவடி மனப்பாடம் செய்த பிள்ளைக்கு முந்திரி 1/320, காணி 1/80, மா 1/20. மாவும் காணியும் சேர்ந்தால் மாகாணி, அதாவது 1/16. இந்தப் பெயர்க் கூட்டலைக் காணும்போதெல்லாம் எனக்குச் சிறு மகிழ்ச்சி: சொல்லே விடையைச் சொல்லிவிடுகிறது. பிற்காலத்தில் ரூபாய்க்குப் பதினாறு அணா என்று வந்தபோது பழைய பின்னங்கள் அதில் இடறவே இல்லை. ஓரணா மாகாணி ரூபாய், இரண்டணா அரைக்கால், நாலணா கால்.

1957 ஏப்ரல் 1-இல் ரூபாய்க்கு 100 நயா பைசா என்று ஆனதும் இடறல் தொடங்கியது. இரண்டணா சரியாக 12½ பைசா. அரைப் பைசா நாணயம் கிடையாது. மாற்று அட்டவணை இரண்டணாவுக்கு 12, ஆறணாவுக்கு 37 என்று அரையை விட்டுவிட்டது. அதே ஆண்டு வந்த இந்திய வரைபடத் தபால்தலை வரிசையிலோ 13 நயா பைசாத் தலை ஒன்று உண்டு. இந்த அரைப் பைசாவை மறந்துவிட வேண்டாம். கணினியில் மறுபடியும் வருகிறது. பேச்சில் 'ரெண்டு பைசா வட்டி' பிறந்ததும் இந்த மாற்றத்துக்குப் பிறகுதான்: ரூபாய்க்கு மாதம் இரண்டு பைசா. மாதம் அப்போதும் சொல்லுக்கு வெளியேதான் நின்றது.

% என்ற குறி வேறு வழியாக வந்தது. 15-ஆம் நூற்றாண்டு இத்தாலிய வணிகச் சுவடிகளில் 'நூற்றுக்கு' என்று பொருள்படும் 'பெர் சென்தோ' சுருக்கி எழுதப்பட்டது. 17-ஆம் நூற்றாண்டில் அது கோட்டின் மேலும் கீழும் ஒவ்வொரு சுழியாகத் தேய்ந்தது. அந்த வட்டங்கள் நூறில் உள்ள பூச்சியங்கள் அல்ல, ஒரு சொல்லின் தேய்மானம். தமிழில் குறி அப்படியே நிலைத்தது; பெயரில்தான் இன்றும் ஒருமை இல்லை. நாளிதழில் சதவீதம், இன்னொன்றில் சதவிகிதம், மேடையில் விழுக்காடு. இலங்கையில் '10 வீதம்' என்றாலே போதும். அங்கே நூறும் உதிர்ந்துவிட்டது.

வார்ப்புரு மொழிகளுக்கு வருவோம். ஜாவா 1.1-இல், 1997-லேயே, எண்ணைச் சதவீதமாக வடிவமைக்கும் வசதி இருந்தது. ஃப்ரீமார்க்கர் வார்ப்புரு அதையே எடுத்துக்கொண்டது. ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு அது 2012-இல் சர்வதேச வடிவமைப்புத் தரத்தோடு வந்தது; ஆங்குலரில் 2016 முதல் இதற்கென ஒரு பைப், அதாவது வடிகட்டி, உண்டு. ஜாங்கோவில் இதற்குத் தனி வடிகட்டி இல்லை. பட்டை வரைபடத்தின் அகலம் கணக்கிட வைத்த குறிச்சொல்லைத்தான் பலர் இழுத்துப் பயன்படுத்துகிறார்கள். இந்தத் தயார் வடிவங்கள் எல்லாமே உள்ளே வரும் எண்ணை நூறால் பெருக்கிவிடும். 0.125 கொடுக்க வேண்டிய இடத்தில் 12.5 கொடுத்தால் திரையில் 1,250% நிற்கும். இது கண்ணில் படும் பிழை, அதனால் பிழைத்துப் போகலாம்.

கண்ணில் படாதது வேறு. எதுவும் குறிப்பிடாவிட்டால் இவை புள்ளிக்குப் பின் ஓர் இலக்கமும் காட்டாது. இராசராசனின் அரைக்காலை, அதாவது 0.125-ஐ, ஃப்ரீமார்க்கரில் கொடுத்தால் 12% என்று வரும். உலாவியின் ஜாவாஸ்கிரிப்ட்டில் 13%. ஜாவா சரிபாதியை அருகிலுள்ள இரட்டை எண்ணுக்குக் கொண்டுபோகும். ஜாவாஸ்கிரிப்ட் மேலே தள்ளும். இரண்டிலும் பிழை இல்லை, மரபுதான் வேறு. 1957-இன் அட்டவணையும் தபால்தலையும் நின்ற அதே 12, அதே 13.

ராஜபாளையத்தில் இதை நூல் பில்லிலேயே பார்க்கலாம். பருத்தி நூலுக்கு ஜிஎஸ்டி 5%. மாநிலத்துக்குள் விற்றால் மத்திய வரி 2.5, மாநில வரி 2.5 என்று இரண்டு வரி. இலக்கம் குறிப்பிடாத வார்ப்புரு ஜாவா முறையில் 2%, 2% என்றும், ஜாவாஸ்கிரிப்ட் முறையில் 3%, 3% என்றும் அச்சிடும். கூட்டினால் நாலு அல்லது ஆறு. தொகை மட்டும் ஐந்துக்குரியதாகச் சரியாக இருக்கும், ஏனென்றால் பெருக்கல் வேறிடத்தில் நடக்கிறது. மருத்துவச் சேர்க்கையில் அரசுப் பள்ளி மாணவருக்கு 2020-இல் வந்த 7.5% உள் ஒதுக்கீடு இரு முறையிலும் 8% என்றே வரும். முரண்பாடு இல்லாததால் யாரும் சந்தேகப்படவும் மாட்டார்கள். அதிகபட்ச இலக்கம் இரண்டு என்று ஒரு சொல் சேர்த்தால் தீர்ந்தது. கூடவே 'மாதத்துக்கு', 'ஆண்டுக்கு' என்ற சொல்லை எந்த வடிகட்டியும் தராது. அதை வார்ப்புருவில் கையால்தான் எழுத வேண்டும்.

2019 மார்ச்சில் வெளியான யூனிகோடு 12.0-இல் தமிழ்ப் பின்னக் குறிகள் தனித்தொகுதியாக இடம்பெற்றன: முந்திரியிலிருந்து முக்கால் வரை, 1/16-க்கும் அரைக்கும் இரண்டிரண்டு குறிகள், கூடவே பின்னத்தை இன்னும் சிறிதாக்கும் 'கீழ்' குறியும். அரைக்காலுக்கும் ஓர் இடம் உண்டு. 0.125-ஐ அந்தக் குறியாக மாற்றும் வடிகட்டியைப் பத்து வரியில் எழுதிவிடலாம். அதில் முழுதாக்கம் என்ற பேச்சே வராது.